காலேஜ் வாலிபால் முடிஞ்சு கோச் ஆவது: மார்த்தாண்டம் – பாறசாலை பக்கத்துப் பையனுக்கு

ஜூன் 8, 2025, காலை — குழித்துறை_4

நமக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன், வாலிபாலில் அட்டாக்கர் (நெட்டுக்கு மேல பந்தை அடிக்கிறவன்). காலேஜ் கடைசி வருஷம் முடிஞ்சாச்சு. யுனிவர்சிட்டி டீமில் சவுத் சோன் (தென் மண்டலப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி) ஆடியவன், உயரம் 186 செ.மீ. டிபார்ட்மென்ட் டீம்காரங்க இப்போ 195-க்குக் கீழே திரும்பிப் பார்க்கிறதில்ல. கோச் ஆகணும்னு நிக்கிறான்.

என் கட்சி இது: நல்லா அடிக்கிறவன்தான் நல்ல கோச். அடிச்சுக் காட்டத் தெரியாதவன் சொன்னா பையன்கள் கேக்க மாட்டானுவ. மறுப்பு இருந்தா சொல்லுங்க. கேள்வி இது: பி.பி.எட்.டா (உடற்கல்வி ஆசிரியர் பட்டம்), என்.ஐ.எஸ்.ஸா (தேசிய விளையாட்டு நிறுவனத்தின் கோச் படிப்பு)? எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடா, அந்தப் பக்கம் கேரளாவா?

ஜூன் 8, மதியம் — ஆண்டெனா

வாதத்தை அப்புறம் பாப்போம். முதல்ல காகிதம்.

சவுத் சோன் ஆடினான்னா அதுக்கான சான்றிதழும், அதன் அடிப்படையில் படிவம் 3-ம் கையில் இருக்கா? மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டில் போட்டிக்கு ஏத்த மாதிரி படிவம் உண்டு. சர்வதேசப் போட்டிக்கு 1, தேசியப் போட்டிக்கு 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு 3, தேசியப் பள்ளிப் போட்டிக்கு 4. படிவம் 3-ல் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் பொறுப்பாளர்தான் கையெழுத்துப் போடணும். காலேஜ் பி.டி. சார் போட்டது செல்லாது. ஆள் மாறி, கோப்பு தொலைஞ்சு, அஞ்சு வருஷம் கழிச்சுப் போய் நின்னா யாரும் தேடித் தரமாட்டாங்க. டி.சி. வாங்குற வாரத்திலேயே இதையும் வாங்கிடணும். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூணும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் உள்ளது போல ஒரெழுத்து பிசகாம இருக்கணும். நம்ம பக்கம் வீட்டுப்பேர் சேர்ந்தும் சேராமலும் எழுதுற வழக்கம் இருக்கு. பாதிப் பேர் மாட்டுறது அங்கேதான்.

பி.பி.எட். இரண்டு வருஷம். ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சிலின் (என்.சி.டி.இ.) 2014 விதிக்குப் பிறகு அப்படி. அதை முடிச்சா பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். எம்.பி.எட். இன்னும் இரண்டு வருஷம், அதோட யு.ஜி.சி.யின் நெட் தேர்வு (பாட எண் 47) அல்லது மாநில அளவிலான செட் தேர்வு பாஸானா காலேஜில் உடற்கல்வி இயக்குநர் பதவிக்குப் போகலாம். அதுக்கு யு.ஜி.சி. உடல் தகுதித் தேர்வும் வெச்சிருக்கு: 30 வயதுக்குள்ள ஆண் 12 நிமிஷத்தில் 1800 மீட்டர், பெண் 8 நிமிஷத்தில் 1000 மீட்டர்.

என்.ஐ.எஸ். வேற ஜாதி. பட்டியாலாவில் 1961-ல் தொடங்கின நிறுவனம், பெங்களூரில் தென் மையம். ஒரு வருஷ டிப்ளமா ஒரே விளையாட்டுக்கு. ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. பி.பி.எட். வாத்தியார் ஆக்கும், என்.ஐ.எஸ். கோச் ஆக்கும்.

ஜூன் 8, இரவு — மூணுமீட்டர்

மேலே சொன்னதில் கடைசி வரி மட்டும் எனக்கு ஒப்பில்ல. உடற்கல்வி ஆசிரியருக்குக் கால அட்டவணையில் கபடி, கோகோ, தடகளம், டிரில், ஆண்டு விழா அணிவகுப்பு எல்லாம் இருக்கு. வாலிபாலுக்குக் கிடைக்கிறது காலை 6.30-லிருந்து 8.15, சாயங்காலம் 4.30-க்கு மேல. ஆனா அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ, மைதானமும் மாசச் சம்பளமும் அவர் கையில. டிப்ளமா மட்டும் வெச்சிருக்கிறவன் ஒப்பந்த வேலைக்கு விளம்பரம் எப்போ வரும்னு பாத்துட்டு இருப்பான். இந்த மாவட்டத்தில் பேர் சொல்ற மாதிரி டீம் உருவாக்கினவங்களில் பெரும்பாலும் பள்ளி பி.டி. சாருமார்தான். வரிசை எப்படின்னு கேட்டா: முதல்ல பி.பி.எட்., வேலை, அப்புறம் கோடை விடுமுறையில் ஆறு வாரப் படிப்பு, தொடர்ந்து சர்வதேச வாலிபால் கூட்டமைப்பின் (எஃப்.ஐ.வி.பி.) லெவல் 1 கோச் படிப்பு.

இப்போ கட்சிக்கு வாறேன். அடிக்கத் தெரிஞ்சவன்தான் கோச்னு சொன்னா பெர்னார்டினோவை எங்கே வைப்பீங்க? 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் பிரேசில் வெள்ளி வாங்கின டீமில் மாற்று லிஃப்டர் (அட்டாக்கருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவர்) அவர். அதிகமும் பெஞ்சுதான். கோச் ஆகி 2004-லும் 2016-லும் ஆண்கள் தங்கம், நடுவில் 2008, 2012 வெள்ளி. பெஞ்சில் உக்காந்தவன் ஆறு பேரையும் பார்ப்பான். அட்டாக்கர் பந்தை மட்டும் பார்ப்பான்.

ஜூன் 9, காலை — குழித்துறை_4

சீனப் பெண்கள் டீமின் லாங் பிங்? சுத்த அட்டாக்கர். ‘இரும்புச் சுத்தியல்’னே பேரு. 1984-ல் ஆடித் தங்கம், 2016-ல் சீனாவுக்குக் கோச்சாகத் தங்கம். நடுவில் 2008 பெய்ஜிங்கில் அமெரிக்காவுக்கு வெள்ளி. பதில் சொல்லுங்க.

ஜூன் 9, காலை — மூணுமீட்டர்

ஆடி முடிச்ச உடனே சீனா டீமைக் கையில் கொடுத்துட்டாங்களா என்ன? அமெரிக்கா போய் நியூ மெக்சிகோ யுனிவர்சிட்டியில் படிச்சுக்கிட்டே துணைக் கோச்சா நின்ன ஆள் அவர். 1984-ல் உலகத்தையே அடிச்சவர், அங்கே காலேஜ் பிள்ளைகளுக்குப் பந்து போட்டுக் கொடுத்தார். உங்க பையன் அதுக்குத் தயாரான்னு கேளுங்க.

ஜூன் 9, இரவு — ஆண்டெனா

இரண்டு பேருக்கும் பொதுவா ஒருத்தர்: அமெரிக்காவின் கார்ச் கிராலி. லாஸ் ஏஞ்சல்ஸ் யுனிவர்சிட்டியான யு.சி.எல்.ஏ.வுக்கு 1979, 1981, 1982-ல் காலேஜ் சாம்பியன் பட்டம். அங்கே அவர் லிஃப்டும் போட்டார், அடிக்கவும் செய்தார். 1984 ஒலிம்பிக்ஸில் அமெரிக்கா அவரையும் ஆல்டிஸ் பெர்சின்ஸையும் மட்டும் வெச்சு சர்வீஸ் எடுத்தது. அதாவது ரெண்டே பேர் முழுக் கோர்ட்டுக்கும் ஃபர்ஸ்ட் பாஸ் (சர்வீஸை எடுத்து லிஃப்டருக்கு அனுப்புறது), மத்தவங்க அடிக்கிறதுக்கு ஃப்ரீ. பிற்பாடு கோச்சா அமெரிக்கப் பெண்கள் டீமுக்கு டோக்கியோவில் முதல் ஒலிம்பிக் தங்கம். அடிச்சதை விட எடுத்ததுதான் அவரைக் கோச் ஆக்கினதுன்னு நான் சொல்வேன்.

நம்ம ஊர் ஆளும் வேணும்னா ஜி.இ. ஸ்ரீதரன். ஆடி அர்ஜுனா, பயிற்றுவிச்சு துரோணாச்சாரியா.

ஜூன் 9, இரவு — கொல்லங்கோடு_லிபரோ

பின் வரிசையில் நின்னு பந்து எடுக்க மட்டும் இருக்கிற லிபரோவைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கல. 1998-ல்தான் எங்களுக்கு வேலையே கிடைச்சுது, அதனால மன்னிச்சாச்சு.

ஜூன் 11 — மூணுமீட்டர்

அட்டாக்கர் கோச் ஆனா முதல் வருஷம் எங்கே தடுக்குதுன்னு வரிசையாச் சொல்றேன். இது எல்லா மைதானத்திலும் கண்கூடு.

ஒண்ணு, பயிற்சியின் பாதி நேரம் நெட்டில் போயிடும். 14 பையன், ஒரு நெட், வரிசையில் நின்னு நாலாம் நம்பரில் (முன் வரிசை இடது முனை) அடி. ஒருத்தனுக்கு மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் பந்து தொடக் கிடைக்கும். அதே நேரத்தில் ஏழு ஜோடி பிரிச்சு அண்டர் ஹேண்ட் போட்டா நிமிஷத்துக்கு இருபது தடவை கையில் படும். மேட்ச்சில் ஒரு பாயிண்டின் முதல் தொடுதல் ஃபர்ஸ்ட் பாஸ். அது கெட்டா அட்டாக்கரின் கை எவ்வளவு உயரம் போனாலும் பிரயோசனம் இல்ல.

இரண்டு, பையன் பந்தை நெட்டில் அடிச்சா ‘கையை மேல தூக்கு’ன்னு கத்துறது. பத்தில் ஏழு தடவை கையில் கோளாறு இருக்காது, காலில்தான் இருக்கும். வலது கைக்காரனுக்குக் கடைசி மூணு அடி இடது–வலது–இடது. லிஃப்டர் பந்தைத் தொடும் முன்னேயே ஓடினா அவன் பந்துக்கு அடியில போய் நிப்பான். அப்புறம் குதிக்கிறது மேல போகாம முன்னால போகும், நெட்டில் மோதும், எதிராளியின் காலில் இறங்கிக் கணுக்கால் மடங்கும். திருத்தம் எளிது: பந்து லிஃப்டர் கையை விட்டுப் போகும் வரை மூணு மீட்டர் கோட்டுக்கு வெளியே நிக்கணும். உயரமான பந்துக்கு, அது மேலே போய்த் திரும்பின பிறகு இரண்டாவது அடி. பந்தே இல்லாம ஒரு வாரம் கால் மட்டும். பையன்கள் முறுமுறுப்பானுவ.

மூணு, தான் அடிச்ச பந்தையே எல்லாருக்கும் போடச் சொல்றது. நாலாம் நம்பர் அட்டாக்கரா இருந்த கோச்சின் டீமில் சென்டர் பிளேயர் சும்மா ஓடிட்டு வருவான். லிஃப்டருக்கு அவன் இருக்கிறதே நினைவு வராது. எதிர்ப்பக்கம் இரண்டு பேர் சாவகாசமா வந்து பிளாக் நிப்பாங்க.

ஜூன் 11, இரவு — கொல்லங்கோடு_லிபரோ

ஃபர்ஸ்ட் பாஸ் படிகள் விட்டுப் போச்சு. சேர்த்துக்குங்க. முதல்ல ஜோடியாக் கையால் எறிஞ்சு கொடுத்து எடுக்கிறது. அடுத்து நெட்டுக்கு அந்தப் பக்கம் மூணு மீட்டர் கோட்டிலிருந்து மெதுவா சர்வீஸ், அப்புறம் ஆறு மீட்டர், கடைசியாத்தான் எண்ட் லைன். பந்து போக வேண்டிய இடம் முன் வரிசையில் 2-க்கும் (வலது) 3-க்கும் (மத்தி) நடுவில், நெட்டிலிருந்து ஒரு கை நீளத்துக்கு மேல விலகி. நெட்டை உரசிப் போற பாஸ் பார்க்க அழகு, லிஃப்டருக்குச் சாவு. உயரம் ஆண்டெனா (நெட்டின் இரண்டு ஓரத்திலும் நிக்கிற குச்சி) முனையை விட ஒரு மீட்டராவது மேல. ஆண்டெனா நெட்டுக்கு மேல 80 செ.மீ. நிக்கும், அதையே அளவா வெச்சுக்கலாம்.

நோட்டில் குறிக்கிற முறை: முன்னால அடிக்கிற மூணு பேருக்கும் லிஃப்ட் போட முடிஞ்சா 3, சென்டர் பிளேயருக்குப் போட முடியலேன்னா 2, நாலாம் நம்பருக்கு உயரப் பந்து மட்டும் முடிஞ்சா 1, எடுக்க முடியாம சர்வீஸே பாயிண்ட் (ஏஸ்) ஆனா 0. ஒரு பையனின் சராசரி 2-க்கு மேல இருந்தா அவனை வெச்சு டீம் கட்டலாம்.

ஜூன் 12 — ஆண்டெனா

அந்த மார்க் முறை காலேஜ் டீமுக்குச் சரி. பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டாம். 2-ஆ 3-ஆன்னு குறிக்கிறவனே தடுமாறுவான், பையன்கள் பஞ்சாயத்துக்கு வருவானுவ. ‘லிஃப்டர் நின்ன இடத்திலிருந்து ரெண்டு அடிக்குள்ள எடுத்தானா, இல்லையா’ன்னு டிக், பெருக்கல் போதும். எட்டாம் வகுப்புப் பையனையே குறிக்கச் சொல்லலாம்.

ஜூன் 14 — குழித்துறை_4

மழை நாலு நாளா விடல. கிரவுண்டு சேறு. அவன் ஒரு கிளப்பில் கோச்சிங் ஆரம்பிச்சிருக்கான், முதல் வாரமே வேலை இல்ல. என்ன செய்ய?

ஜூன் 14, மாலை — மூணுமீட்டர்

எடவப்பாதிக்கு (தென்மேற்குப் பருவம்) ஒரு மழை, ஐப்பசிக்கு (வடகிழக்குப் பருவம்) ஒரு மழைன்னு இரண்டும் விழுற ஊர் இது. ஷெட் இல்லாத கோச், வருஷத்தில் கணிசமான நாளை வராந்தாவில்தான் ஓட்டணும். வராந்தாவில் சுவரைப் பார்த்து அப்பர் ஹேண்ட் (தலைக்கு மேல விரல்களால் போடுறது): தரையிலிருந்து மூணு மீட்டரில் சாக்பீஸ் கோடு, அதுக்கு மேலேயே தொடர்ந்து 50. பந்து சுழலாம வரணும். சுழன்றா ஒரு கை முந்துதுன்னு அர்த்தம். வழுக்குற சிமென்டில் குதிக்க விடாதீங்க.

கிரவுண்டு: செம்மண்ணை ஈரத்தில் மிதிச்சா காய்ஞ்ச பிறகு குழி குழியா இறுகும், அடுத்த ஆறு மாசம் கணுக்கால் சுளுக்குதான். மழை நின்னு விரல் பதியாத அளவு காயற வரை யாரையும் இறக்காதீங்க. நடு உயர்ந்து இரண்டு பக்கமும் லேசா சரிஞ்சிருந்தா தண்ணி நிக்காது. கல் பொறுக்கி, தண்ணி தெளிச்சு, உருளை இழுத்து, மேலே மெல்லிசா மணல். மணல் கூடினா பையன் குதிக்கும்போது கால் வழுக்கும்.

கோடு போட நீற்றாத சுண்ணாம்பு கூடவே கூடாது. டைவ் அடிக்கிறவன் கண்ணில் பட்டா வெந்துடும். கோலமாவு போதும், இல்லைன்னா 5 செ.மீ. நைலான் பட்டை. பட்டையின் ஆணித் தலை மண்ணுக்குள்ள புதையணும். அளவு 18-க்கு 9, கோடும் அதில் சேர்த்தி. மூலைக்கு மூலை 20.12 மீட்டர் வந்தா மூலைமட்டம் சரி. அரைக் கோர்ட்டுக்கு மூலைவிட்டம் 12.73.

ஜூன் 15 — கொல்லங்கோடு_லிபரோ

பந்தைப் பற்றியும் சொல்லுங்க. சைக்கிள் பம்பில் கல்லு மாதிரி அடிச்சு வெச்சுட்டு ‘பையனுக்குக் கை வலிக்குது’ன்னு புலம்புறது இங்கே வழக்கம். உள்ளழுத்தம் 0.30 முதல் 0.325 கி.கி./ச.செ.மீ., பி.எஸ்.ஐ. கணக்கில் 4.3–4.6. அளவுகோல் ஒண்ணு வாங்கி வெச்சா பந்தும் நீடிக்கும். புதுசா வர்ற பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் குறைச்சே வெக்கலாம். கை வலிச்சா அவன் கண்ணை மூடுவான், கண்ணை மூடக் கத்துக்கிட்டவனை மாத்த ஒரு சீசன் ஆகும்.

ஜூன் 16 — ஆண்டெனா

நெட்: ஆண்கள் 2.43, பெண்கள் 2.24. அளக்கிறது நடுவில். இரண்டு ஓரமும் ஒண்ணுக்கொண்ணு சமமா இருக்கணும், நடுவை விட 2 செ.மீ.க்கு மேல கூடக்கூடாது. மேல் கயிறு நைலானா இருந்தா கட்டும்போது சரியா இருக்கும், அரை மணி நேரம் அடி வாங்கின பிறகு தொய்யும். அதனால வார்ம் அப் முடிஞ்சு மறுபடி அளக்கணும். மேலே கம்பி வடம் போட்டா இந்தத் தலைவலி இல்ல. கீழ்க்கயிறும் இறுக்கமா வேணும், தளர்ந்தா நெட்டில் பட்ட பந்து செத்து விழும், இறுக்கமா இருந்தாத்தான் தெறிச்சு வரும், எடுத்து ஆடலாம்.

சின்னப் பையன்களுக்கு இறக்கிக் கட்டுங்க. 2.43-ல் எட்டாத பையன் பந்தை உந்தித் தள்ளத்தான் பழகுவான்.

ஜூன் 19 — குழித்துறை_4

ரொட்டேஷனில் குழம்புறான். தான் ஆடின காலத்தில் ‘நாலாம் நம்பருக்கு ஓடு’ன்னு லிஃப்டர் சொன்னதைக் கேட்டே மூணு வருஷம் ஓட்டிட்டான் போல.

ஜூன் 19, இரவு — மூணுமீட்டர்

அதுதான் நான் சொன்னது!

ஒரே லிஃப்டர் முறையில் ஆறு நிலை. நெட்டைப் பார்த்து நின்னா முன்னால இடமிருந்து 4, 3, 2, பின்னால 5, 6, 1. லிஃப்டர் 1-ல் இருக்கும்போது 2-ல் நிக்கிறவனுக்குப் பின்னாலேயும் 6-ல் நிக்கிறவனுக்கு வலப்பக்கமும் இருக்கணும், சர்வீஸ் அடிச்ச நொடி வரை. 6-ல் இருக்கும்போது 3-க்குப் பின்னால, 1-க்கும் 5-க்கும் நடுவில். 5-ல் இருக்கும்போதுதான் பாடு. 4-க்குப் பின்னால, 6-க்கு இடது பக்கம் நிக்கணும், அங்கிருந்து 2-க்கும் 3-க்கும் நடுவில் வரணும். 4-ல் இருக்கிறவனையும் நெட் பக்கம் ஏத்தி, லிஃப்டரை அவன் முதுகில் ஒட்டி நிறுத்தினா ஓட்டம் குறையும். மத்த மூணு பேர் சர்வீஸ் எடுக்கட்டும். ஆறு பாட்டில் மூடியைத் தரையில் வெச்சு நகர்த்திப் பார்த்தா ஒரு சாயங்காலத்தில் விளங்கிடும்.

முன் வரிசையில் லிஃப்டர் வர்ற மூணு நிலையில் அடிக்க ரெண்டே பேர்தான் முன்னால. அங்கே பாயிண்ட் ஓடிப்போகும். டைம் அவுட்டை அதுக்குன்னு ஒண்ணு மிச்சம் வைக்கணும். செட்டுக்கு ரெண்டுதான், முப்பது முப்பது செகண்ட். சப்ஸ்டிடியூஷன் ஆறு. ஆரம்ப ஆறில் இருந்தவன் வெளியே போனா ஒரே தடவை திரும்பலாம், அதுவும் தனக்குப் பதிலா வந்தவன் இடத்துக்கே. புதுக் கோச் எட்டாவது பாயிண்டிலேயே கோபத்தில் ஆளை மாத்திட்டு இருபதில் கையைப் பிசைவான்.

ஜூன் 20 — ஆண்டெனா

ஒரு சேர்க்கை. 2025-லிருந்து சர்வதேச விதியில், சர்வீஸ் போடுற டீம் அந்த நொடியில் எந்த இடத்திலும் நிக்கலாம், எடுக்கிற டீமுக்குத்தான் இடக்கட்டுப்பாடு. சர்வீஸ் வரிசை மாறக்கூடாது, அது பழையபடியே. நம்ம ஊர் மின்னொளிப் போட்டிகளில் அம்பயர் எதை வெச்சு ஊதுவார்னு ஆட்டத்துக்கு முன்னாடி கேட்டுக்கணும். கேக்காம நின்னுட்டு ஊதின பிறகு விதிப்புத்தகம் காட்டிப் பிரயோசனம் இல்ல.

ஜூன் 22 — குழித்துறை_4

சரி, எல்லை? அந்தப் பக்கமா இந்தப் பக்கமா?

ஜூன் 22, இரவு — கொல்லங்கோடு_லிபரோ

வாலிபால் ஆர்வம்னு பார்த்தா அந்தப் பக்கம்தான். பேராவூர்க்காரரான வாலிபால் நட்சத்திரம் ஜிம்மி ஜார்ஜ் 1987-ல் இத்தாலியில் விபத்தில் போனார், இன்னும் அவர் பேரைச் சொன்னா கூட்டம் சேருது. திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் உள்ளரங்கமே அவர் பேரில். கேரளா போலீஸ், மின்வாரியம்னு டீம்கள். காரியவட்டத்தில் உடற்கல்விக் கல்லூரி, மார்த்தாண்டத்திலிருந்து பஸ் தூரம்.

வேலைன்னு பார்த்தா கணக்கு வேற. கேரளா அரசுப் பள்ளிக்கு ஆள் எடுக்கிறது அவங்க அரசுப் பணியாளர் தேர்வாணையம் (பி.எஸ்.சி.), இங்கே ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.). அங்கே பி.எட். போட்டாலும் பி.பி.எட். போட்டாலும் மலையாளம் வாசிக்க எழுதத் தெரியாம வகுப்பில் நிக்க முடியாது. பேசத் தெரிஞ்சா மட்டும் போதாது. உதவி பெறும் பள்ளிகளில் இரண்டு பக்கமும் நிர்வாகம் நியமிக்கும், அரசு சம்பளம் தரும். அங்கே என்னென்ன நடக்கும்னு எழுதினா இழையைப் பூட்டிடுவாங்க.

ஜூன் 23 — ஆண்டெனா

படிப்பு எங்கே வேணும்னாலும் இருக்கட்டும். பட்டம் என்.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற கல்லூரியுடையதான்னு சேர்றதுக்கு முன்னே பார்க்கணும். வேற மாநிலப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று கேட்பாங்க, அதையும் முடிச்ச உடனே விண்ணப்பிக்கணும், வேலை விளம்பரம் வந்த பிறகு ஓடினா கடைசித் தேதி தாண்டிடும்.

பயிற்சி இரண்டு பக்கமும் கொடுக்கலாம், விடுமுறைதான் இடிக்கும். அங்கே ஏப்ரல், மே கோடை விடுமுறை, ஓணத்துக்குப் பத்து நாள். இங்கே காலாண்டு, அரையாண்டு. இரண்டு பக்கத்துப் பையன்களையும் கலந்து ஒரு கிளப் டீம் கட்டினா முழு டீமும் சேர்ந்து நிக்கிற வாரங்களை முதலிலேயே காலண்டரில் வட்டம் போடணும்.

ஜூன் 24 — மூணுமீட்டர்

மின்னொளிப் போட்டி பேச்சு வந்ததால: ஜனவரியிலிருந்து மே வரைக்கும் இந்தப் பக்கம் வாரக்கடைசி தோறும் ஒண்ணு. கிளப் செயலாளர் கெஸ்ட் பிளேயர் மூணு பேரை இறக்குவார். உங்க லிஃப்டரை வெளியே உக்கார வெச்சுட்டு வெளியூர்க்காரன் லிஃப்ட் போடுவான். கப் வரும், டீம் வளராது. புதுக் கோச் செயலாளரிடம் முதல் நாளே பேசி வெச்சுக்கணும்: கெஸ்ட் அட்டாக்கர் வரட்டும், லிஃப்டரும் லிபரோவும் நம்ம பையன்தான். ஒத்துக்காத கிளப்பில் மாசச் சம்பளத்துக்கு மட்டும் வேலை பாருங்க.

ஜூன் 24, இரவு — கொல்லங்கோடு_லிபரோ

இதை ஃபிரேம் போட்டு மாட்டலாம். லிபரோவைச் சேர்த்ததுக்காக.

ஜூன் 29 — குழித்துறை_4

என் கட்சியில் பாதியை விட்டுக் கொடுக்கிறேன், பாதியை இல்ல. அடிச்சுக் காட்டுறவனுக்கு முதல் மாசம் மரியாதை கிடைக்குது, அது உண்மை. கேள்வி: பசங்க கூடவே அவனும் குதிக்கிறான், முட்டிக்குக் கீழே வலிக்குதுங்கிறான். பசங்களும் ரெண்டு பேர் அதே.

ஜூன் 29, இரவு — மூணுமீட்டர்

முட்டிச்சில்லுக்குக் கீழே விரல் வெச்சு அழுத்தினா வலிச்சா, குதிச்சுக் குதிச்சு வந்த தசைநார் வலிதான் பெரும்பாலும். இறுகின செம்மண்ணில் வாரம் ஆறு நாளும் குதிச்சா வராம என்ன செய்யும்? வாரத்தில் மூணு நாள் மட்டும் குதி, நடுவில் ஒரு நாள் இடைவெளி. குதிக்கிற நாளிலும் அடி, பிளாக், ஜம்ப் சர்வ் மூணையும் சேர்த்து எண்ணணும். பிளாக்கை யாரும் கணக்கில் சேர்க்கிறதில்ல, சென்டர் பிளேயருக்கு முட்டி போறது அதனாலதான். வலி இருக்கிறவன் சுவரில் முதுகு சாய்ச்சுப் பாதி உக்காந்த நிலையில் 45 செகண்ட், அஞ்சு தடவை, நடுவில் இரண்டு நிமிஷம் ஓய்வு. வளரும் பையனுக்கு முட்டிக்குக் கீழே எலும்பே புடைச்சு வலிச்சா அது வேற, டாக்டர்கிட்ட அனுப்புங்க. ஸ்பிரே அடிச்சு இறக்காதீங்க.

அவன் அடிச்சுக் காட்டணும்னா ஸ்டூல் மேல ஏறி நின்னு அடிச்சுக் கொடுக்கட்டும். எதிர்ப்பக்கம் ஆறு பேருக்கும் டிஃபென்ஸ் பயிற்சி ஆச்சு, முட்டியும் மிச்சம்.

ஜூன் 30 — ஆண்டெனா

ஸ்டூல் ஆடாம இருக்கணும், கால் நாலுக்கும் அடியில பலகைத்துண்டு. மண்ணில் ஒரு கால் புதைஞ்சா கோச் நெட்டில் தொங்குவார். படிவம் 3 வாங்கியாச்சா இல்லையா, அதுக்கு இன்னும் பதில் வரல.

ஜூன் 30, மாலை — குழித்துறை_4

பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கான். இனிஷியல் தப்பா இருக்காம்.